டிராகன் செய்த குற்றம் யாது?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் திருக்குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டிருக்கிறோம். நான் அத்தகைய கல்வி உடையவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. என் தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் ரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது. பார்சல் அலுவலகத்தில் எடை பார்ப்பதும் ரசீது எழுதுவதும் முத்திரை குத்துவதுமே என் தொழில். “உமக்கும் டிராகனுக்கும் என்ன உறவு?” என்று நம் செயலாளர் அவர்களே என்னைக் கேட்டார். உறவு உண்டு. சென்ற ஆண்டு விழாவில் நான் செய்த தவறு ஒன்றே இச்சொற்பொழிவுக்கு வித்து.

அவ்விழாவில் நம் காலனிக் குழந்தைகள் நடித்த ‘பொன்மலை இளவரசி’ நாடகத்தை நீங்கள் அனைவரும் கண்டீர்கள். எழுதியவனும் பயிற்றுவித்தவனும் நானே. பொன்மலையைக் காக்கும் டிராகன் ஒன்று இளவரசியைக் கவர்ந்து செல்கிறது. இளவரசன் அதனைக் கொன்று அவளை மீட்கிறான். இவ்வளவே கதை. டிராகனுக்குத் தலை வேண்டுமே! அட்டையில் செய்து பார்த்தோம். அது மாட்டுப் பொங்கலுக்கு அலங்கரித்த எருமையைப் போல் இருந்தது. அப்பொழுது என் மகள், தன் வகுப்புத் தோழியின் வீட்டில் அழகிய டிராகன் தலை இருப்பதாகக் கூறினாள். அத்தோழி டாங்ராவில் வாழும் சீனக் குடும்பத்துச் சிறுமி. நானே சென்று கேட்டேன். அவளுடைய பாட்டியார் உள்ளே சென்று, மூங்கில் சட்டத்தின்மேல் காகிதம் ஒட்டி வண்ணம் தீட்டிய தலை ஒன்றை எடுத்து வந்து, துணியில் சுற்றி என் கையில் தந்தார். சீனப் புத்தாண்டன்று அத்தெருப் பிள்ளைகள் தூக்கி ஆடுவதற்காக அவர் தம் கையாலேயே செய்தது அது.

விழா நாளன்று பாட்டியாரும் பேத்தியும் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தனர். நம் இளவரசன் உற்சாக மிகுதியால் மரவாளை ஓங்கி வீசினான். டிராகனின் இடக்கொம்பு முறிந்து மேடையில் உருண்டது. அவையோர் கைதட்டினர், நானும் தட்டினேன். மறுநாள் தலையையும் கொம்பையும் தனித்தனியே எடுத்துச் சென்றேன். கொம்பைப் பற்றி அம்மூதாட்டியார் வருந்தவில்லை; “ஒட்டிவிடலாம்” என்றார். பிறகு தலையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தியில் மெதுவாக ஒன்று கேட்டார்: “இவன் என்ன குற்றம் செய்தான்?”

விடை கூற இயலாது நின்றேன். இளவரசியைத் தூக்கிச் சென்றது குற்றந்தானே என்பீர்கள். அக்குற்றத்தை அதன்மேல் ஏற்றியவன் நான். அவர் கேட்டது என் நாடகத்து டிராகனைப் பற்றியன்று. தம் வீட்டு டிராகனைப் பற்றி.

அன்றுமுதல் நூலகத்திலும், மகளின் புத்தக அலமாரியிலும், கைப்பேசியிலும் இதையே தேடிப் படித்து வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்வோருக்கு முதலில் சொல்லித்தருவது, மூட்டையின்மேல் எழுதிய பெயரை நம்பிவிடாதே என்பதுதான். ‘துணி’ என்று எழுதியிருக்கும். தூக்கிப் பார்த்தால் இரும்பாயிருக்கும். டிராகன் என்னும் பெயரும் அத்தகையதே. ஒரே பெயர்ச்சீட்டை ஒட்டி வெவ்வேறு சரக்குகள் வந்திறங்கியிருக்கின்றன.

பெயர் வந்தது கிரேக்கத்திலிருந்து. அம்மொழியில் ‘டிராகோன்’ என்றால் பெரும் பாம்பு. அதற்குச் சிறகும் நெருப்பும் பின்னாளில் வந்தவை. தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தோர் இச்சொல்லுக்கு ‘வலுசர்ப்பம்’ என்று பெயரிட்டனர். அந்நூலின் இறுதிப் பகுதியில் வரும் ஏழு தலை, பத்துக் கொம்புச் செந்நிற விலங்குக்கு அது மிகப் பொருத்தமான சொல். நம்முள் ஒரு பெரியவர் ‘யாளி’ என்றே சொல்லிவிடலாமே என்றார். அவர்மேல் எனக்கு மதிப்பு மிகுதி. ஆயினும் உடன்பட இயலவில்லை. நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளி சிங்க உடல் கொண்டது. பாம்பின் சாயலே அதற்கில்லை.

மேல்நாட்டு வலுசர்ப்பத்தின் குற்றப்பத்திரிகையை முதலில் படிப்போம். பழைய ஆங்கிலத்தில் ‘பேயோவுல்ஃப்’ என்றொரு காவியம் உண்டு. அதன் கையெழுத்துப் பிரதி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதில் வரும் டிராகன் ஒரு பழங்கல்லறைக்குள் புதையலைக் காத்துக்கொண்டு முந்நூறு ஆண்டுகள் கிடக்கிறது. யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஒருவன் உள்ளே நுழைந்து ஒரே ஒரு கிண்ணத்தைத் திருடிச் செல்கிறான். விழித்தெழுந்த டிராகன் கிண்ணம் குறைவதைக் கண்டு ஊர்களையெல்லாம் எரிக்கிறது. ஐம்பதாண்டு அரசாண்ட கிழவரான பேயோவுல்ஃப் வாளேந்திச் செல்கிறார். உடன் சென்றோர் ஓடிவிட, விக்லாஃப் என்னும் இளைஞன் ஒருவனே துணை நிற்கிறான். டிராகனும் மடிகிறது, மன்னரும் மடிகிறார். அந்தப் புதையல் மன்னரோடு மீண்டும் மண்ணுக்குள்ளேயே போகிறது. ஒரு கிண்ணத்துக்காக இவ்வளவும். சரக்குக் கிடங்கில் ஓர் உருப்படி குறைந்தால் என்ன நேரும் என்பதை அறிந்தவனாதலால், அந்த டிராகனின் கோபம் எனக்குச் சற்றே விளங்குகிறது.

வடநாட்டு நார்ஸ் மக்களின் கதை இன்னும் கூர்மையானது. ஃபாஃப்னிர் என்பவன் பிறப்பில் டிராகன் அல்லன். பொன்மேல் கொண்ட ஆசையால் பெற்ற தந்தையையே கொன்று, தம்பிக்குப் பங்கு கொடாமல், அப்பொன்மேல் படுத்துப் படுத்தே பாம்பாகிப் போனவன். சிகுர்த் என்னும் வீரன் அவன் நீர் அருந்தச் செல்லும் வழியில் குழி தோண்டி மறைந்திருந்து அடிவயிற்றில் குத்திக் கொல்கிறான். புதையல் காக்கும் பாம்பைப் பற்றி நம் ஊர்ப் பாட்டிமாரும் கதை சொல்வர். ஆனால் மனிதனே அப்பாம்பாவது எவ்வாறு என்று இத்துணைத் தெளிவாகச் சொன்ன கதையை நான் வேறு படித்ததில்லை. சி. எஸ். லூயிஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1952இல் வெளியிட்ட நார்னியாக் கதை ஒன்றில், யூஸ்டஸ் என்னும் சிறுவன் டிராகனின் பொற்குவியல்மேல் பேராசை நினைவோடு உறங்கி, எழும்போது டிராகனாகவே எழுகிறான். அவன் ஃபாஃப்னிரின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். டோல்கீன் அவர்கள் 1937இல் ‘ஹாபிட்’ என்னும் நூலில் படைத்த ஸ்மாகும் பொன்மேல் படுத்திருப்பதுதான். அதனிடமும் ஒரு கிண்ணம் திருடப்படுகிறது. டோல்கீன் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். அக்கிண்ணம் எங்கிருந்து வந்ததென்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

புனித ஜார்ஜின் டிராகன் வேறு வகை. ஊர் ஏரியில் வாழ்ந்து நாளுக்கு இரண்டு ஆடுகளைக் கேட்டது. ஆடுகள் தீர்ந்தபின் மனிதரைக் கேட்டது. சீட்டுக் குலுக்கியதில் அரசன் மகளின் பெயரே வந்தது. ஜார்ஜ் அதனை ஈட்டியால் குத்தி வீழ்த்துகிறார். இளவரசியின் இடைக்கச்சையை அதன் கழுத்தில் கட்ட, அது அவள் பின்னால் அடங்கி நடந்து வருகிறது. அதன் பின்னரே கொல்லப்படுகிறது. போலந்து நாட்டுக் கிராக்கூவ் நகரத்தார், கந்தகம் அடைத்த ஆட்டைத் தின்னவைத்துத் தங்கள் டிராகனைக் கொன்ற கதையைச் சொல்வர். அது தாகம் தாளாமல் விஸ்துலா ஆற்று நீரைக் குடித்துக் குடித்து வெடித்ததாம். ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் நகரத்து நீரூற்றில் டிராகன் சிலை ஒன்று உள்ளது. 1335ஆம் ஆண்டளவில் அங்கே கிடைத்த ஒரு மண்டையோட்டை டிராகனுடையது என்று நம்பி, அதன் சாயலிலேயே தலையைச் செதுக்கினர். அது பனிக்காலத்துக் காண்டாமிருகத்தின் மண்டையோடு என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

ரயில்வேக்காரனாதலால் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இங்கிலாந்தில் இரண்டு கால் டிராகனுக்கு ‘வைவர்ன்’ என்று தனிப்பெயர். 1844இல் தோன்றி 1923இல் பிற கம்பெனிகளோடு இணைந்த மிட்லண்டு ரயில்வேயின் சின்னத்தில் அமர்ந்திருந்தது இந்த வைவர்ன்தான். புகை கக்கும் என்ஜினுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் வேறென்ன கிடைக்கும்?

இவற்றின் குற்றங்கள் பொன்னைப் பதுக்கியமை, ஊரை எரித்தமை, உயிரைத் தின்றமை. இவ்வளவையும் படித்துவிட்டு, டாங்ராப் பாட்டியாருக்கு விடை கிடைத்ததென்று எண்ணினேன். சீனத்து நூல்களுக்கு வந்தபோதுதான், மூட்டைமேல் எழுதிய பெயரை நம்பி நான் ஏமாந்தது புரிந்தது.

சீனர் அதனை ‘லுங்’ என்பர். அதற்குப் பெரும்பாலும் சிறகில்லை. சிறகின்றியே வானில் திரியும். மானின் கொம்பு, கெண்டையின் செதில், கழுகின் நகம் என்று ஒன்பது உயிர்களின் சாயல் அதற்குண்டு என்பது பழைய நூல்களின் கூற்று. வேனில் தொடக்கத்தில் வானேறும். கூதிர்காலத்தில் நீர்நிலைக்குள் இறங்கும். அது நெருப்பின் உயிரன்று, நீரின் உயிர். ஆறு, ஏரி, கடல் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராகன் அரசன் உண்டு. மழை பெய்விப்பது அவன் கடமை. மழை பொய்த்தால் அவனுக்குக் கோயிலில் பூசை. அதற்கும் மழை வாராவிடில், சில ஊர்களில் அவன் சிலையை வெளியே தூக்கி வந்து வெயிலில் வைத்துவிடுவார்களாம். குடிகள் படும் வெப்பத்தை அவனும் உணரட்டும் என்பது கருத்து. நம் ஊரில் கொடும்பாவி இழுத்ததையும் கழுதைக்குக் கல்யாணம் செய்ததையும் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

1592இல் அச்சாகிய ‘மேற்றிசைப் பயணம்’ என்னும் சீன நெடுங்கதையில் ஒரு பகுதியை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வரும் துறவியின் கதை அது; நம் பிள்ளைகளுக்கு அதிலுள்ள குரங்கு வீரனைத் தெரியும். அதன் தொடக்கப் பகுதியில் ஜிங் என்னும் ஆற்றின் டிராகன் அரசன், மாறுவேடத்தில் ஒரு சோதிடனிடம் சென்று, நாளை மழை எப்போது, எவ்வளவு என்று கேட்கிறான். இன்ன வேளையில், 3 அடி 3 அங்குலமும் 48 துளியும் பெய்யும் என்கிறான் சோதிடன். மழையை விடுபவன் தானே அன்றோ! சோதிடன் பொய்த்தான் என்று மகிழ்ந்து பந்தயம் கட்டுகிறான். மாளிகைக்குத் திரும்பினால், வானுலக அரசரின் ஆணை வந்து காத்திருக்கிறது. அதே வேளை, அதே அளவு, துளிகூடப் பிசகில்லை.

டிராகன் அரசன் என்ன செய்தான் தெரியுமா? பந்தயத்தில் தோற்க மனமின்றி, மழையை ஒரு சாமம் தாழ்த்தி, 3 அங்குலமும் 8 துளியும் குறைத்துப் பெய்வித்தான். அவ்வளவே. மேலிடத்து ஆணையில் கைவைத்த குற்றத்திற்கு மரண தண்டனை. அவன் சீனப் பேரரசரின் கனவில் தோன்றி உயிர்ப்பிச்சை கேட்கிறான். தண்டனையை நிறைவேற்ற வேண்டிய அமைச்சரை அரண்மனையிலேயே நிறுத்திவைத்துக் காய்விளையாட்டில் ஈடுபடுத்திக் காக்க முயல்கிறார் பேரரசர். அமைச்சரோ ஆட்டத்தின் நடுவே சற்றே கண்ணயர்ந்து, கனவிலேயே சென்று அவன் தலையைத் துண்டித்துவிடுகிறார்.

இதைப் படித்து முடித்தபோது இரவு பதினொரு மணி. எனக்கு உறக்கம் வரவில்லை. வாள் வீரனால் கொல்லப்படும் அரக்கனாக டிராகனை எண்ணியிருந்தேனே. இவன் என்னைப் போன்ற ஊழியன் அல்லவா! அளவும் நேரமும் குறித்த ஆணைச் சீட்டு, அதில் கைவைத்தவனுக்கு விசாரணை, தண்டனை! இருபதாண்டுகளாக எடையை எழுதும் எனக்கு அந்த 3 அங்குலத்தின் கனம் தெரியும்.

இக்கதையைச் சொல்லலாம் என்று மறு ஞாயிறன்று டாங்ரா சென்றேன். நான் பாதி சொல்லுமுன் பாட்டியார் மீதியைச் சொல்லி முடித்துவிட்டார். அவர் சிறுமியாக இருந்தபோது கேட்ட கதையாம். “எட்டுத் துளியை மறந்துவிட்டீரோ என்று பார்த்தேன்” என்று சிரித்தார்.

கீழ்நாட்டு டிராகன் எல்லாமே நல்லது என்றும் கூறிவிட இயலாது. ஜப்பானியரின் எட்டுத் தலைப் பாம்பாகிய யமதா நோ ஒரோச்சி ஆண்டுக்கொரு பெண்ணைத் தின்றது. சுசானோவோ என்னும் தேவன் எட்டுத் தொட்டிகளில் மது வைத்து அதனை மயக்கிக் கொன்றான். நம் அண்டை நாடாகிய பூட்டானில் அது இடியின் குரல். ஹாசிமாராவுக்குப் பார்சல் எழுதும்போதெல்லாம், அந்நிலையத்திற்கு அப்பால் எல்லை தாண்டினால் தன் மொழியில் தன்னை டிராகன் நாடு என்றே அழைத்துக்கொள்ளும் நாடு இருப்பதை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இனி நம் பக்கம் வருவோம். புத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள், வடமொழி ‘நாக’ என்னும் சொல்லுக்கு ‘லுங்’ என்பதையே எழுதினர். நாகார்ஜுனரின் பெயரைச் சீனத்தில் எழுதுகையில் டிராகனைக் குறிக்கும் அதே எழுத்து வருகிறது. மூட்டைக்குப் பெயர் எழுதியோர் அங்கே சரியாகவே எழுதினர். நாகரும் நீருக்கு உரியவரே. ரிக் வேதத்து விருத்திரனும் பாம்பே. அவன் குற்றம் நீரைத் தடுத்து வைத்தது. இந்திரன் வச்சிரத்தால் அவனைக் கொன்று நீரை விடுவித்தான். காளியனின் குற்றம் யமுனையை நஞ்சாக்கியது. கண்ணன் அவனைக் கொல்லவில்லை. தலைமேல் ஆடினான், மனைவியர் கெஞ்சினர், குடும்பத்தோடு கடலுக்குப் போய்விடு என்று அனுப்பினான். அலுவலக மொழியில் சொன்னால் இடமாற்றல் உத்தரவு. கருடனுக்கு அஞ்சியே அவன் யமுனைக்கு வந்திருந்தான். புது இடத்தில் கருடன் தீண்டாமலிருக்கத் தன் அடிச்சுவட்டைத் தலையில் பதித்தும் அனுப்பினான் கண்ணன். எந்த வலுசர்ப்பத்திற்கும் இப்படி ஒரு பாதுகாப்புச் சீட்டுக் கிடைத்ததாக நான் படிக்கவில்லை.

இக்காலக் கதைகளில் டிராகனைக் கொல்வது அருகி வருகிறது. 1898இலேயே கென்னத் கிரகாம் சண்டை பிடிக்காத டிராகனைப் பற்றி எழுதிவிட்டார். 1968இல் ஆன் மெக்காஃப்ரி என்னும் அம்மையார் மனிதனோடு மனம் ஒன்றிப் பறக்கும் டிராகன்களைப் படைத்தார். ஹாரி பாட்டரில் எத்தனை இனம் உண்டென்பதை என்னைவிட முன்வரிசையார் நன்கு சொல்வர். என் நெஞ்சைத் தொட்டது 2001இல் வந்த ‘ஸ்பிரிட்டட் அவே’ என்னும் ஜப்பானியப் படம். ஹாகு என்னும் சிறுவன் வெண்ணிற டிராகனாக மாறுகிறான்; தன் பெயரே அவனுக்கு மறந்துபோயிற்று. உண்மையில் அவன் ஒரு சிற்றாறு. அவ்வாற்றைத் தூர்த்து வீடுகள் கட்டிவிட்டனர். ஆகவே அவன் திரும்பிச் செல்ல இடமில்லை. அதைப் பார்த்து முடித்ததும் என் மகள், நம் காலனிக்குப் பின்னால் இருந்த குளத்தின் பெயர் என்ன என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. இங்கே யாருக்கேனும் நினைவிருந்தால் கூட்டம் முடிந்தபின் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஒன்றைச் சொல்லத் தயங்கினேன், சொல்லிவிடுகிறேன். சீன நாட்டைக் குறிக்க நம் செய்தித்தாள்கள் இன்றும் ‘டிராகன்’ என்று எழுதுகின்றன. படிக்கும் நம் மனத்தில் எழுவது மழை தரும் லுங் அன்று, தீக்கக்கும் வலுசர்ப்பம். 1962இல் போர் மூண்டபோது, இந்நாட்டில் வாழ்ந்த சீன வமிசத்தார் ஏறத்தாழ 3000 பேர் ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர்; சிலர் பல ஆண்டுகள் அங்கிருந்தனர். வீட்டையும் கடையையும் விட்டு, அஸ்ஸாமிலிருந்தும் டார்ஜீலிங் பக்கத்திலிருந்தும் ரயிலில்தான் அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பட்ஜ்பட்ஜுக்கு அருகில் சீனர் ஒருவர் வந்து கரும்பாலை நிறுவினார். அவ்விடம் அச்சிப்பூர் என்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. புத்தாண்டையொட்டிக் கல்கத்தாச் சீனர் அங்கே சென்று வழிபடுகின்றனர். நம்முள் பலர் குடும்பங்கள் இந்நகருக்கு வந்ததற்கு நூற்றாண்டுக்கும் முன்பே வந்தவர்கள் அவர்கள். 1962ஐப் பற்றி அப்பாட்டியார் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

இவ்வாண்டு நாடகத்திற்கு வருகிறேன். ஜிங் ஆற்று டிராகனின் கதையையே எடுத்துக்கொண்டோம். மரண தண்டனைக் காட்சியை எழுதிக்கொண்டு ஒத்திகைக்குச் சென்றேன். பிள்ளைகள் ஒருமுகமாக மறுத்துவிட்டனர். கொல்லக்கூடாது, காளியனைப் போல் இடமாற்றல் செய்ய வேண்டுமாம். எங்கே அனுப்புவது என்று கேட்டேன். அரை மணி நேரம் விவாதித்து ராமநாதபுரத்துக்கு என்று முடிவு செய்தார்கள். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது நம்மவர் அறிந்த தண்டனைதானே! அங்கே போனதும் டிராகன் முதல் வேலையாக, பாக்கி வைத்த 3 அங்குலத்தையும் 8 துளியையும் பெய்துவிட வேண்டுமென்பதும் அவர்கள் போட்ட நிபந்தனை. சீனக் கதையில் கைவைத்தது முறையா என்று பாட்டியாரைக் கேட்டேன். ராமநாதபுரம் எங்கிருக்கிறது என்று மட்டும் கேட்டார்; சொன்னேன். கடலுக்கு அருகில் என்றால் சரி என்றார்.

கொம்பு ஒட்டியாகிவிட்டது. அவர்கள் வழக்கப்படி சிங்க ஆட்டத்திற்கு இருவர் போதும். டிராகனுக்கோ கோல்பிடிக்கப் பலர் வேண்டும். தலைக்கும் நடுவுடலுக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. வாலுக்கு இன்னும் மூன்று பேர் தேவை. ஒத்திகை ஞாயிறு மாலை 4 மணிக்கு, இதே மண்டபத்தில். பாட்டியாரும் வருகிறார். மரவாளை மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம்.